ஆறு மணிக்கு வெச்ச பென்சில்

போட்டோ கீட்டோ எல்லாம் வேண்டாம், உள்ள வை அதை. சங்கத்துச் செயலாளர் பொண்ணுன்னதால கதவத் திறந்தேன், இல்லேன்னா வாசலோட அனுப்பியிருப்பேன். சங்கத்துக்கு வரலாறு எழுதறியாம். எழுது, யார் வேண்டாம்னா? என் பேரு மட்டும் அதுல வரக்கூடாது.

என்னது, வீரனா? வேலைநிறுத்தத்தன்னைக்குச் சரியா ஆறு மணிக்கு மொதல்ல பென்சில கீழ வெச்சது நான்னு போட்டிருக்க. அடிச்சுடு அந்த வரிய. படிக்க நல்லாருந்தா எழுதிடறதா?

தபால்காரங்க பைய எறிஞ்சுட்டு வெளிய வந்துட்டாங்க. டெலிபோன் பொண்ணுங்க வயரை உருவிட்டு வந்துட்டாங்க. தந்தி அப்படி இல்லம்மா. எதிர்முனைல ஒருத்தன் டக்கு டக்குன்னு அடிச்சுட்டே இருப்பான், நாம அதக் காதால கேட்டு பென்சில்ல எழுதிட்டே வரணும். நாம பாதியில எழுந்தா அவன் வார்த்தை அந்தரத்துல நிக்கும். கையில இருக்கற தந்திய முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்போம், அதுதான் எங்க வழக்கம். உங்கப்பா அதையும் மாத்தினார். மணி அடிச்சா பாதி எழுத்துல இருந்தாலும் பென்சில வைன்னார். ஒருத்தன் முடிச்சுட்டு வரேன்னா அடுத்தவனும் அதையேதான் சொல்லுவான்னார். நியாயந்தான். மேடையில ஏறி அவர் சொன்னா எல்லாமே நியாயமாத்தான் இருக்கும்.

ஆறு மணிக்கு என் மேசையில தந்தி வந்துட்டிருந்துச்சு. பேரும் விலாசமும் வந்தாச்சு. அம்மா கவலைக்கிடம்னு வந்தாச்சு. அடுத்த வார்த்தையில ரெண்டு எழுத்து. பென்சில வெச்சேன். தாளை மடிச்சு ஜோப்புல போட்டேன்.

உரிய ஆளுகிட்ட குடுத்திருக்கலாமேங்கறியா? உரிய ஆளு வாசல்லதான் நின்னார், தொண்டை கட்டற வரைக்கும் கோஷம் போட்டுக்கிட்டு. அவர் ஒருத்தர் ஊருக்குக் கிளம்பிட்டா மறுநாளே பாதிப்பேர் வேலைக்குத் திரும்பியிருப்பாங்க. அப்படித்தான் நெனச்சேன். பத்தொன்பது நாள் கழிச்சு ஜெயிச்சோம். அதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சு போச்சு. என்னைக் கட்டிப்புடிச்சு, நீ இல்லேன்னா நடந்திருக்காதுடான்னார். அப்புறம் எந்த வாயால சொல்றது?

முறைக்காத. போறதுன்னா போ, கதவு திறந்துதான் இருக்கு. உங்க பெரியப்பா இன்னும் இருக்காரா? தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லாம அம்மாவ அடக்கம் பண்ணிட்டான்னு, உங்கப்பா சாகற வரைக்கும் அவர் மூஞ்சியிலயே முழிக்கலயே. இருந்தார்னா போய்ச் சொல்லு. அவர் தந்தி அடிச்சார். நான்தான் வாங்கினேன்.