பதினெட்டு ரயில்களும் நேரத்துக்கு வந்த நாள்

சரளைக்கல் ஒட்டுவதில் அவசரமே உதவாது. போன வருடம் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. தண்டவாளத்துக்கு நடுவே கல்லைத் தூவி, தூரிகையால் ஒதுக்கி, தண்ணீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். காய்வதற்குள் தொட்டால் போச்சு. மாதிரி ரயில் கட்டி ஓட்டுகிற நம் சங்கத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை கிடையாது. யார் யார் என்று எழுதி வம்பை விலைக்கு வாங்க மாட்டேன்.

"ஒரு வருஷத்துல என்னென்ன முன்னேற்றம்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கூடவே ஓட்டக் குறிப்பு நோட்டையும் வைங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் செயலாளர். வருடாந்தரக் கேடயம் எனக்குத்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். நல்ல மனுஷன். அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

வருடத் தொடக்கத்தில் என் மாடி அறையில் ஒரு வட்டப் பாதையும் ஸ்டேஷன் என்ற பெயரில் ஓர் அட்டைப்பெட்டியும்தான் இருந்தன. இன்று மூன்று ஸ்டேஷன், ஒரு சுரங்கம், ஒரு தகரப் பாலம். நடைமேடைகளில் நிற்கிற அறுபத்திரண்டு பயணிகளுக்கும் வர்ணம் பூசியது என் அக்கா. ஒவ்வொரு பொம்மையும் நகத்தளவுதான். அதில் ஒருத்திக்கு நீலப் புடவை கட்டிவிட்டு, "இது நான்டா. என்னையும் ஒரு நாள் ஏத்தி எங்கயாவது கூட்டிட்டுப் போ" என்றாள்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நாற்பது வருடம் தையல் வேலை பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நானும் அவளும்தான். கடைசி மூன்று வருடமாக அவளுக்குக் கீழ் அறைக் கட்டிலே கதி. மூச்சு இழுக்க ஆரம்பித்தால் பேச்சு வராது, எழுந்திருக்கவும் முடியாது. நான் போய் நிமிர்த்தி உட்காரவைத்து, மருந்துப் புகை வரும் மெஷினைப் போட்டு, முகமூடியை மாட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தில் முகம் தெளிந்துவிடும். தெளிந்த உடனே வாய் சும்மா இருக்காது. "வாங்க ஸ்டேஷன் மாஸ்டர். எந்த வண்டியக் கவுத்துட்டு வந்தீங்க?" என்பாள்.

கூப்பிடுவதற்குக் கட்டிலோரம் ஒரு பொத்தான் வைத்திருந்தேன். மணி மாடியில் அடிக்கும். ஈயம் பற்றவைக்கும்போது அது அலறினால் என் கை உதறிவிடும். ஒரு நாள் அவளிடம் எரிந்து விழுந்தேன்.

"சத்தம்தானே ஆகல உனக்கு? விளக்கு வெச்சுக்கோயேன்டா" என்றாள். யோசனை அவளுடையது. இது பதிவாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

மணியைக் கழற்றிவிட்டு, அந்தப் பொத்தானைப் பெரிய ஸ்டேஷனின் கடைசி சிக்னலோடு இணைத்தேன். அமுக்கினால் சிவப்பு, விரலை எடுத்தால் பச்சை. சிவப்பானதும் தண்டவாளத்தில் மின்சாரம் நிற்கும்படி இன்னொரு கம்பியும் கொடுத்தேன்.

"நான் இங்க படுத்துக்கிட்டு அமுக்கினா அங்க உன் ரயில் நிக்குமா?"

"எங்க இருந்தாலும் நிக்கும்க்கா."

அவளுக்கு ஒரே சிரிப்பு. படியில் என் காலடி கேட்கும்வரை பொத்தானிலிருந்து விரலை எடுக்க மாட்டாள். கேட்டதும் எடுத்துவிடுவாள்.

உறுப்பினர் அல்லாத யாராவது இதைப் படிக்கலாம், அவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் ஓட்டத்துக்கென்று தனிக் கடிகாரம் உண்டு. அது ஆறு மடங்கு வேகத்தில் ஓடும். நான்கு மணி நேரத்தில் ஒரு முழு நாள் முடிந்துவிடும். அதற்குள் பதினெட்டு ரயில்களும் அட்டவணைப்படி வந்து போக வேண்டும். நடுவில் கடிகாரத்தையோ ஓடுகிற ரயிலையோ நிறுத்தினால் அந்த ஓட்டம் செல்லாது. இந்த வருடம் பதினோரு முறை எனக்குச் செல்லாமல் போயிற்று. பதினோரு முறையும் என்ஜின் மேல் ஒரு குறையும் இல்லை.

ஆகவே வருடத்தின் நடுவில் அந்த இரண்டாவது கம்பியை எடுத்துவிட்டேன். சிக்னல் சிவப்பாகும், ரயில் நிற்காது. ஓடுகிற ரயில் அடுத்த ஸ்டேஷனில் நின்றதும் கீழே போவேன். மிஞ்சினால் இரண்டு நிமிடம் கூடுதல். அக்காவிடம் சொல்லவில்லை. மூச்சு திரும்பியதும், "ரயில நிறுத்திட்டியாடா? பாவம், அதுல இருக்கறவங்களுக்கு என்ன அவசரமோ" என்பாள். "நின்னுடுச்சுக்கா" என்பேன். அதற்கப்புறம் தண்ணீருக்கும் போர்வைக்கும் அவள் பொத்தானைத் தொடுவதே இல்லை. நிஜமாகவே முடியாதபோது மட்டும்தான் அமுக்கினாள். பயணிகளுக்காக இரக்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் வர்ணம் பூசிய முகங்கள்தானே.

நோட்டில் கடைசி ஓட்டத்தின் பக்கத்தைப் பாருங்கள். அன்று காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். பன்னிரண்டு ரயில்கள் பிசகில்லாமல் வந்தன. பதின்மூன்றாவது சுரங்கத்துக்குள் இருந்தபோது சிக்னல் சிவந்தது. ரயில் ஸ்டேஷனுக்கு வந்து நின்றது. நான் போகவில்லை. பதினான்காவது கிளம்ப ஐந்தே நிமிடம் இருந்தது, அதாவது நிஜத்தில் ஐம்பது விநாடி. அதை அனுப்பிவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். அப்புறம் பதினைந்தாவது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது என் பழக்கம், இதையும் எழுதினேன். சிக்னல் சிவப்பு, 16.10. சிக்னல் பச்சை, 18.22. எங்கள் கடிகாரத்தில் இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். உங்கள் கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிடம்.

பச்சை விழுந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்குச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். காலடி கேட்காமல் விரலை எடுக்க மாட்டாள் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். அன்றைக்கும் அது எனக்குத் தெரியும். பச்சைக்குப் பிறகு இன்னும் ஐம்பத்துமூன்று நிமிடம் ரயில் விட்டேன். பதினெட்டாவது 23.40க்கு வர வேண்டும், 23.40க்கே வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கீழே போனேன்.

"தூக்கத்துலயே போயிருக்கும். கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க" என்றார் டாக்டர். தலையாட்டினேன். அவர் அக்காவின் கட்டைவிரலைப் பார்க்கவில்லை. அதில் பொத்தானின் வட்டம் பதிந்திருந்தது.

துக்கம் கேட்க வந்த நீங்கள் எல்லோரும் மாடியையும் பார்த்தீர்கள். செயலாளர் நோட்டைப் புரட்டி, "பதினெட்டும் டைமுக்கு! சிக்னல் நேரத்தைக்கூட விடாம எழுதியிருக்கீங்களே சார்" என்று என் முதுகைத் தட்டினார். அக்காவை நான் தாங்கு தாங்கென்று தாங்கியதாக எல்லோரும் சொன்னீர்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகை பொய் இல்லை. அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கேடயம் வேண்டாம். சிவப்பு எரிவதைப் பார்த்தேன், எதற்கு எரிகிறது என்று தெரியும், தெரிந்தேதான் போகவில்லை. என் அக்காவைச் சாகவிட்டது நான். இதன் நகல் ஒன்றைப் போலீசுக்கும் கொடுக்கப்போகிறேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அமுக்கிய உடனே ரயில் நின்றுவிட்டது, தம்பி படியிறங்கி வந்துகொண்டிருக்கிறான் என்ற நம்பிக்கையோடாவது அவள் போனாள் என்று இருந்தேன்.

நேற்று மத்தியானம் அந்த இரண்டாவது கம்பியைத் திரும்ப மாட்டினேன். நீலப் புடவைக்காரியைப் பெட்டியில் ஏற்றி, ரயிலை ஓடவிட்டு, பொத்தானைச் சோதிக்கக் கீழே வந்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் கட்டிலில் படுத்தேன். ரயில் தகரப் பாலத்தில் ஏறுவது கேட்டது. சுரங்கத்துக்குள் போவதும், வெளியே வருவதும், திரும்பப் பாலம் ஏறுவதும் கேட்டன. பொத்தானை அமுக்கினேன். சத்தம் நின்றது.

அந்தக் கட்டிலில் படுத்தால் மேலே ரயில் ஓடுவதும் நிற்பதும் துல்லியமாகக் கேட்கிறது. நின்னுடுச்சுக்கா, நின்னுடுச்சுக்கா என்று ஆறு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது அவளிடம்தான்.