வெங்காயத்துக்குள் ஒரு சுவர்

தில்லியில், ஜனக்புரி பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள், வீட்டு வேலை முடிந்து திரும்புகிறவர்கள்.

"வெங்காயத்துக்குள்ள கொத்தனாரு வேலை பாத்திருக்காருக்கா" என்றாள் இளையவள்.

"என்னடி உளர்ற?"

"மேடம் வீட்டுப் பாப்பாகிட்ட ஒரு சயின்ஸ் செட்டு. அதுல மைக்ராஸ்கோப்பு இருக்கு. நான் உரிச்ச வெங்காயத்தோட மெல்லிசு தோலை வச்சுக் காட்டுச்சு. உள்ள செங்கல் செங்கலா செவுருக்கா! இன்னும் என்னென்னமோ வச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு."

"பாக்க வேண்டியதுதானே?"

"பாப்பாவுக்கு அலுத்துப்போச்சு. இன்னிக்குப் பழைய சாமான் எடுக்குற கபாடிவாலாகிட்ட போடச் சொன்னாங்க. போட்டுட்டேன்."

"கேட்டு வாங்கியிருக்கலாம்ல?"



"யாருக்குன்னு கேப்பாங்க. எம் பசங்க பெருசாயிட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். எனக்குன்னு எப்படிக்கா சொல்றது?"