திருடு போகாத கணினி

என் பெயரும் வீட்டு முகவரியும் மேலே எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்தொன்று. கடைத்தெருவில் தையல்கடைக்கு மாடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அங்கே என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது; 'ஒயர்க்கா' என்று கேட்டால் மாடிப்படியைக் காட்டுவார்கள். புதுக் கணினியின் உள்சாமான்களை எடுத்துக்கொண்டு பழையதை வைத்து ஏமாற்றினேன் என்று என் மேல் கொடுக்கப்பட்ட புகார் தொடர்பாகக் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

புகார் கொடுத்தவரின் அப்பா, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தியவர். எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார், அதனால் மாஸ்டர் என்றே கூப்பிடுவேன். தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு அவருக்குக் குரல் கிடையாது. தட்டச்சு செய்வதை வாசித்துக் காட்டும் ஒரு மென்பொருளை வைத்துத்தான் பல வருடமாகப் பேசிவருகிறார். அந்தக் குரல் தகரத்தில் தட்டுவது போல இருக்கும், கேள்விக்கும் திட்டுக்கும் ஒரே தொனிதான். ஆனால் அந்த வீட்டில் அதுதான் அவர் குரல். அதில் அவரிடம் நானே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அவருடைய பழைய கணினி அடியோடு படுத்துவிட்டது. மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருக்கும் மகன் நல்ல மனதோடுதான் புதுக் கணினி வாங்கிக் கொடுத்தார். அதில் செய்தி வாசிப்பவர் மாதிரி சுத்தமான குரல் ஒன்று இருந்தது. அதன் பிறகு மாஸ்டர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஒருநாள் அவருடைய மனைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை, என் மாடிப்படி ஏறி வந்து, "வீட்டுல யாரோ வேத்தாள் பேசுற மாதிரி இருக்கும்மா. அவரு கூப்பிட்டா எங்க யாருக்கும் திரும்பிப் பாக்கவே தோணல. அந்தப் பழைய குரலை இதுல கொண்டுவர முடியுமா?" என்று கேட்டார். மகன் அப்போது வெளியூரில் இருந்தார். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்றேன். "அவனை எதுக்கு? வந்ததும் நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அதன் பேரில் அவர்கள் வீட்டுக்குப் போய், படுத்துப்போன கணினியின் வன்தட்டிலிருந்து மாஸ்டரின் பழைய மென்பொருளை எடுத்துப் புதுக் கணினியில் போட்டேன். புது இயங்குதளத்தில் இது இயங்காது என்று திரையில் வந்தது. அதன் பிறகு, பழைய இயங்குதளத்தில் ஓடுவதாக நினைத்துக்கொள் என்று மென்பொருளுக்குச் சொல்லும் ஒரு வசதி உண்டு, அதைப் போட்டுப் பார்த்தேன். மென்பொருள் திறந்தது, ஆனால் சத்தமே வரவில்லை. அது தேடுகிற பழைய ஒலி அட்டை புதுக் கணினியில் இல்லை. நான் முதன்முதலாக கியர் மாற்றியபோது பார்த்த அதே முகத்தோடு மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. அதன் பிறகு, புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினி இருப்பது போலப் பாவனை காட்டும் மென்பொருளை நிறுவி, அதற்குள் பழைய இயங்குதளத்தை ஏற்றி, அதற்குள் மாஸ்டரின் மென்பொருளை வைத்தேன். பெரிய வீட்டில் ஒரு அறையை மட்டும் வாடகைக்கு விடுவது போல, அந்தப் பழையதற்குத் தேவையான கொஞ்சம் நினைவகத்தை ஒதுக்கிக் கொடுத்தேன். மாஸ்டர் தட்டச்சு செய்தார். "கிளட்சை மிதிக்காம கியரைப் போடாத" என்றது கணினி. ஆசிரியை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அதன் பிறகு நான் செய்ததுதான் இவ்வளவுக்கும் காரணம். மாஸ்டர் எதையும் தேடி அலைய வேண்டாமே என்று, கணினியைப் போட்டதும் அந்தப் பழைய திரையே முழுத் திரையாக வரும்படி வைத்தேன். அதிலிருந்து வெளியே வர எந்த இரண்டு விசைகளை அழுத்த வேண்டும் என்று ஆசிரியையிடம் வாயால் சொன்னதோடு சரி.

அதன் பிறகு மகன் ஊரிலிருந்து வந்து கணினியைப் போட்டிருக்கிறார். அரதப்பழசான திரை வந்திருக்கிறது. விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், தான் வாங்கியதில் கால்வாசி நினைவகம்கூட இல்லை. அது வாடகை அறையின் அளவுதான், வீடு வெளியே முழுசாக இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் கொதித்திருப்பேன். எந்த விசைகள் என்பது மறந்துபோய் ஆசிரியை வாயால் எடுத்துச் சொன்னதையும், "உன்னை நல்லா ஏமாத்தியிருக்காம்மா அந்தப் பொம்பளை" என்று தள்ளிவிட்டு, மாஸ்டர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே ஒயரைப் பிடுங்கி, கணினியைத் தூக்கிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டார். கடைத்தெருவில் விஷயம் பரவி, என்னிடம் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த சிலர் சாமானைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். இன்னும் நாலு பேர் அப்படி வந்தால் நான் கடையை மூட வேண்டியதுதான். அதைவிட, மாஸ்டரின் வாயைப் பிடுங்கி இங்கே தடயப்பொருள் என்று சீட்டு ஒட்டி வைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்று காலை ஆய்வாளர் முன்னிலையில் கணினி மேசைமேல் வைத்து இணைக்கப்பட்டது. மாஸ்டரும் ஆசிரியையும் வந்திருந்தார்கள். மகன் வெளி வராந்தாவில் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் அந்த இரண்டு விசைகளை அழுத்தியதும் பழைய திரை சுருங்கி, பின்னால் புதுக் கணினியின் திரை தெரிந்தது. எல்லாம் வாங்கியபடியே இருப்பதை ஆய்வாளர் தானே பார்த்தார். அதன் பிறகு, "சரிம்மா, அந்தப் பழசை அழிச்சிட்டு முன்ன இருந்தபடியே கொடுத்துடுங்க. பிரச்சினை முடிஞ்சுது" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் எழுந்து வந்து விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பழைய திரையைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். திறந்தேன். இரண்டு விரலால் தட்டினார். "டேய் பெரியவனே, இங்க வா" என்றது அந்தத் தகரக் குரல்.

வராந்தாவில் போன் பேச்சு பாதியில் நின்றது. "இதோ வந்துட்டேம்பா" என்று சொல்லிக்கொண்டே மகன் உள்ளே ஓடி வந்தார். வாசலைத் தாண்டிய பிறகுதான் எது கூப்பிட்டது என்று அவருக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார். ஆசிரியை அவரைப் பார்த்தார். அழிப்பதைப் பற்றி ஆய்வாளர் அதன் பிறகு என்னிடம் கேட்கவில்லை.

அந்தக் கணினியிலிருந்து ஒரு திருகாணியைக்கூட நான் எடுக்கவில்லை. இதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, யாருடைய மிரட்டலுக்காகவும் இதைச் சொல்லவில்லை. புகாரைத் திரும்பப் பெறுவதாக மகன் பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன எழுத வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

(கையொப்பம்)