விளையாடப் போகும் வீடு

கனடாவில், ஸ்காபரோ பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மகளின்ர சிநேகிதி வீட்டுக்குப் போன் எடுத்து, துவக்கு, துப்பாக்கி ஏதும் இருக்கோ எண்டு கேட்டனான்," என்றாள் இளையவள்.

"ஐயோ! கோவிக்கேல்லையோ?"

"இல்லை. வேட்டைத் துவக்கு ஒண்டு இருக்காம். பூட்டி வைச்சிருக்கிறதை வந்து பாக்கச் சொல்லிச்சினம். பாத்திட்டுத்தான் மகளை விளையாட விட்டனான்."

"உமக்கேன் உவ்வளவு பயம்?"

"ஊரில மூத்தவள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனவள், அக்கா. அங்க கட்டிலுக்குக் கீழ துவக்கு இருந்தது எனக்குத் தெரியாது. பிள்ளையள் எடுத்து விளையாட, வெடிச்சிட்டுது. அவளுக்கு ஏழு வயது."

மற்றவள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப இருந்தால் பதினாலு. தங்கச்சியோட ஒரே சண்டையாத்தான் இருந்திருப்பாள். நானும் ரெண்டு பேரையும் பேசிப் பேசியே களைச்சுப்போயிருப்பன்."