ஒண்ணாந் தேதிக்குள்ளே சைக்கிள்

"மொதல்ல விழுறதுக்குத்தான் பழகணும் போல."

ருவான்வெல்லை பஸ்ஸில் முன் சீட்டிலிருந்தவர் இப்படிச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தேன். வயது நாற்பதுக்கு மேலிருக்கும். முழங்கையில் புது பிளாஸ்திரி. பக்கத்தில் அவர் மனைவி.

"ஒண்ணாந் தேதி தப்பால்காரன் வேல தொடங்கணும். சைக்கிள் ஓட்டத் தெரியும்னு தொரைக்கிட்ட சொல்லிப்புட்டேன். இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு."

"றப்பர் பால் வெட்ட நான் எத்தன நாள் பழகுனேன்?" என்று மனைவி கேட்டாள்.

"மூணு மாசம்."

"அதுவும் சாய்க்கப்போற கெழட்டு மரத்துல. எவ்வளவு ஆழமா வெட்டிக் காயப்படுத்துனாலும் கங்காணி ஒண்ணும் கேக்கல. நல்ல மரத்தத் தொடவே விடல. நீங்க மொத நாளே சைக்கிள்ல மலையில இருந்து எறங்குனீங்க."

"தோட்டத்துல சமதர எங்க இருக்கு?"

"பேரு கூப்புடுற பெரட்டுக் களம் இருக்குல்ல?"

"அங்க எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். நான் மரத்தக் கொதறுனதயும் பாத்தாங்கதான்."

அவர் முழங்கைப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார்.

"ஒம்பது நாள்ல வருமா?"

"சமதரையில வரும். எறக்கத்துக்கு மூணு மாசமாவது வேணும். அதுவரைக்கும் தள்ளிக்கிட்டுப் போங்க. கடுதாசிக்குக் காத்திருக்குறவங்க சைக்கிளயா பாக்கப்போறாங்க?"

"தொர பாத்துட்டாருன்னா?"

"டயர்ல காத்து போயிருச்சுன்னு சொல்லுங்க."

"மூணு மாசமும் அதையேவா சொல்றது?"

அவள் இறங்குவதற்கு எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"பொய் சொல்ல ஒங்களுக்கு மொத நாளே வந்துருச்சே."