மாமாவின் போன் சொன்ன ஓகே

என் மாமனாருக்குச் சேமியா உப்புமா ஆகாது. அதைத் தவிர அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் ஆதிமூலம். அடி அண்ணாமலையில் எட்டு ஏக்கர் நிலம், ஒரு டிராக்டர், ஊரே அண்ணாந்து பார்க்கும் மீசை. யார் எதைக் கேட்டாலும் "முடியாது" என்பார். தவறிப்போய் ஒப்புக்கொண்டுவிட்டால், தலையே போனாலும் பின்வாங்க மாட்டார்.

2005இல், செங்கம் ரோட்டில் நான் நடத்திவந்த செல்போன் ரிப்பேர் கடையைப் பொங்கலோடு மூடச் சொன்னார். "பொம்பளைக்கு எதுக்கும்மா ஸ்க்ரூ டிரைவரு?" என்றார்.

அந்த வாரம்தான் ஒரு வெள்ளைக்காரர் கடைக்கு வந்தார். போன் கம்பெனி இன்ஜினியர். பத்து நாள் ஆசிரமத்தில் உட்கார்ந்ததில் இனி எதுவும் வேண்டாம் என்று தோன்றிவிட்டதாம். போனை என் மேசையில் வைத்துவிட்டு, செருப்பையும் விட்டுவிட்டுப் போனார்.

சந்தைக்கே வராத போன் அது. உள்ளே இருந்ததும் சோதனை சாஃப்ட்வேர். வருகிற எஸ்.எம்.எஸ்ஸைக் காட்டாது. அதுவே "OK" என்று பதில் போட்டுவிட்டு, இரண்டையும் அழித்துவிடும். சோதிக்கிறவர்களின் விரல் வலிக்கக் கூடாதென்று அப்படிச் செய்திருந்தார்களாம்.

மாமாவின் சிம்மை அதில் போட்டு, பொங்கல் பரிசாகக் கொடுத்தேன். தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். மறுநாள், கடையைத் தொடரட்டுமா என்று எஸ்.எம்.எஸ் அனுப்பினேன். வந்த பதிலை அவரிடமே காட்டினேன்.

"நானா போட்டேன்?"

"உங்க நம்பர்தானே மாமா."

நம்பரை ஒவ்வோர் எண்ணாகப் படித்துப் பார்த்தார். "சொன்னது சொன்னதுதான். நடத்து" என்றார்.

அத்தோடு போனை வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் கொடுத்த பரிசைத் திரும்பக் கேட்பது நல்ல பழக்கமா, சொல்லுங்கள்.

பக்கத்து நிலத்துத் தருமன் டிராக்டர் கேட்டு எஸ்.எம்.எஸ் அனுப்பி, ஓகே வந்ததும் ஓட்டிக்கொண்டே போய்விட்டான். தனம் அக்கா தன் ஆறு ஆடுகளையும் எங்கள் கொல்லையில் கட்டினாள். பிறகு கூத்துக் குழுவினர், இந்த வருஷம் திரௌபதி வேஷம் கட்டுவீர்களா என்று விளையாட்டுக்குக் கேட்டிருக்கிறார்கள். மாமா மீசையை எடுத்தார். துகில் உரியும்போது அவர் அழுதது நடிப்பில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். ஊரில் நல்ல பெயர்.

மாசிக் கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அருணா, எனக்குப் புத்தி கலங்கிப்போச்சும்மா. நான் சொல்றது எனக்கே ஞாபகம் இல்ல. மாறன்கிட்ட சொல்லிடாத, பயந்துடுவான்."

மாறன் என் கணவர். நான் சொல்லவில்லை. ரகசியம் காப்பதில் நான் கெட்டி.

வேலூருக்கு நானே அழைத்துப்போனேன். பஸ்ஸில் என் கையை விடவே இல்லை. "வயசானா ஞாபகம் கம்மியாகும் மாமா, சகஜம்தான்" என்றேன். டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். மாமா சரியாகச் சொல்லிவிட்டு, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோச் சாவியை என் கையில் வைத்தார். "இனிமே நீயே எல்லாத்தையும் பாத்துக்கம்மா." சத்தியமாக, அதற்கு நான் எஸ்.எம்.எஸ் அனுப்பவில்லை. எழுதி வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

ஆமாம், எல்லாவற்றையும் தெரிந்தேதான் செய்தேன். அந்தப் போனில் வேறு சாஃப்ட்வேர் ஏற்ற ஏழு நிமிடம் போதும். ஆனால் மாமா இப்போது யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை, உப்புமாவைக்கூட மறு பேச்சில்லாமல் சாப்பிடுகிறார். இவ்வளவு நிம்மதியாக இருப்பவரைப் போய் எதற்குத் தொந்தரவு செய்வது?