மச்சானுக்கு எடுத்து வைத்த தண்ணீர்

தென்காசியில் வீடு வைத்திருப்பவன் சாரல் காலத்தில் விருந்தாளி வந்தால் முகம் சுளிக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. நான் சுளித்ததே இல்லை. என் மனைவி சங்கரம்மாளின் அண்ணன் வீரபாகு, கடையத்தில் வீடும் வயலும் உள்ளவர், நாலு நாள் அருவியில் குளித்துவிட்டுப் போகிறேன் என்று ஆனி பிறந்ததும் வந்தார். ஆவணி பிறந்த பிறகும் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். ரயிலுக்கு டிக்கெட்கூட எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன்.

“ஐந்தருவியில இன்னும் தண்ணி விழுதுல்லா மாப்ளே, எப்படிப் போக?” என்பார். நியாயமான கேள்வி. அருவியை நான் நிறுத்த முடியாது. ஆகவே அவரை நிறுத்துவதுதான் வழி என்று பட்டது.

நான் நாட்டு வைத்தியன். வாதத் தைலத்துக்காகக் கண்வலிக் கிழங்கு வீட்டில் எப்போதும் கிடக்கும். வெளியே தடவினால் மருந்து, உள்ளே போனால் ஆளே போய்விடுவான். அதை ஊறவைத்த தண்ணீரை மச்சானின் ராப் பாயசத்துக்கென்று புதுப் பானையில் மூடி, யார் கையும் படாமல் உள்ளறையில் வைத்தேன். சொந்தக்காரருக்குக் கொடுப்பது சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா.

அன்றைக்குத்தான் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் நாள். அந்தப் பயறை யார் கையும் படாத தண்ணீரில்தான் ஊறவைப்பார்கள். சங்கரம்மாள் கண் கலங்கி வந்து நின்றாள். “கேக்காமலே புதுப் பானையில தண்ணி எடுத்து மூடி வச்சிருக்கீகளே. மொத்தத்தையும் பயறுக்கு ஊத்திட்டேன்.”

பரவாயில்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

மற்ற வீட்டுப் பானைகளில் முளை வெளிறி, ஒல்லியாகச் சாண் உயரம் வளர்ந்தது. எங்கள் பானையில் எல்லாமே குட்டை, விரல் தடிமன். இலைகள் தடித்துச் சுருண்டிருந்தன. சிலதுக்கு இரண்டு தலை, ஒன்றுக்கு மூன்று. ஆத்தாவே முளைத்திருக்கிறாள் என்று தெருவே குலவையிட்டது. கிழங்கு செய்த வேலை என்று எனக்கு மட்டும் தெரியும்.

மூன்று தலை முளையைக் கண்டதும் மச்சானுக்கு அருள் வந்துவிட்டது. “ஏலே, நான் இங்கனயேதான் இருப்பேன். இந்த வீட்டை விட்டு அசைய மாட்டேன்” என்று ஆடினார். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்கு அழுகையே வந்தது. அதையும் பக்தி என்றார்கள்.

கொடை முடிந்து முளைப்பாரியைச் சிற்றாற்றில் கரைக்கப் போனோம். நல்ல வெள்ளம். மச்சான் ஆடிக்கொண்டே கடைசிப் படியில் நின்றார். என் கை அவர் முதுகில் லேசாகப் பட்டது. இரண்டு கையும்தான்.

கொல்லத்தான் பார்த்தேன், மறைக்கவில்லை. ஆனால் அவர் பாறையில் மோதி, தொடை எலும்பு முறிந்ததோடு பிழைத்துக்கொண்டார். நான் எட்டிப் பிடித்ததால்தான் அண்ணன் தப்பினார் என்று சங்கரம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கட்டுப் போட்டவனும் நான்தான். ஆறு மாதம் அசையக் கூடாது. இன்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனி கால் சரியானாலும் உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன் மாப்ளே. கடையத்துல இருக்க பொண்டாட்டி பிள்ளைகளையும் இங்கன வரச் சொல்லிட்டேன்” என்றார்.

நேராக இங்கே வந்தேன். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். சர்க்கார் ஜெயிலில் சொந்தக்காரர்களை வந்து தங்கவிட மாட்டார்கள்தானே?